தேன் பதம் என்றார்கள், எந்தத் தேன் என்று சொல்லவில்லை

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினேழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கை, வலது கால், பேச்சு என்று மூன்றிலும் அடி. அதற்கெல்லாம் ஓரளவு மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். அவரால் தண்ணீர் குடிக்க முடியாது என்பதற்குத்தான் நான் தயாராக இல்லை. மசித்த சாப்பாடு இறங்கிவிடும், ஒரு மடக்குத் தண்ணீர் இறங்காது. யாருக்காவது புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று சிரித்துவிட்டுப் போவோமே, அந்தப் புரையேறல் இவருக்கு நேராக நுரையீரலில் போய் முடியும். தண்ணீர் வேகமாக ஓடும். மூச்சுக்குழாயின் வாசல் மூடுவதற்குள் முந்திக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். கெட்டியாக்கிக் கொடுத்தால் மெதுவாக நகரும், தளர்ந்த தொண்டைக்குக் கதவைச் சாத்த அவகாசம் கிடைக்கும். இதற்காக ஒரு டின் மாவும், "எல்லாத் திரவமும் தேன் பதத்தில்" என்று எழுதிய சீட்டும் கொடுத்தார்கள். விளக்கம் அவ்வளவுதான். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். கேட்க ஆள் இல்லை.

தேன் பதம் என்றால் எந்தத் தேன்? குளிர்ந்த தேனா, வெயிலில் இருந்த தேனா? முதல் வாரம் முழுக்க நான் இதோடுதான் மல்லுக்கட்டினேன். இப்படிப் பெயர் சொல்லிப் பதத்தைக் குறிக்கும் பழைய அளவுகோலில் தேன் பதம் என்ற ஒரே பெயருக்குள் கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் ஐந்து மடங்கு வித்தியாசம் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. டின்னில் போட்டிருந்த அளவுப்படி கரண்டி போட்டுக் கலக்குவேன், நீராக இருக்கும். இன்னொரு கரண்டி போடுவேன். அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, கழுத்தில் துண்டைக் கட்டி முடிப்பதற்குள் தம்ளரில் களி நிற்கும். அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் கலக்குவேன். ஒருமுறை பொறுமை இழந்து அந்தக் களியையே கொடுத்துவிட்டேன். குழறிய பேச்சில் அவர் சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது: "என்னடா இது, பசையா?"

பசைதான். அந்த டின்னில் இருந்தது மக்காச்சோள ஸ்டார்ச். சமையலில் குழம்பைக் கெட்டியாக்கும் சோள மாவின் பதப்படுத்திய வடிவம். சாதாரண சோள மாவைப் பச்சைத் தண்ணீரில் கலக்கினால் அடியில் போய்ப் படியும், சூடு ஏறினால்தான் அதன் துகள்கள் நீரைக் குடித்து ஊதும். மருத்துவ டின்னில் வருவதை முன்கூட்டியே மாற்றி வைத்திருப்பதால் சூடில்லாமலே கெட்டியாகும். ஆனால் ஊதுவது சட்டென்று நிற்காது. கலக்கிய நிமிடத்தில் ஒரு பதம், ஐந்து நிமிடம் கழித்து ஒரு பதம், அரை மணி கழித்து வேறு பதம். ஆகவே கலக்கிய உடனே பார்த்து முடிவு செய்யாதீர்கள். டின்னில் சொன்ன நேரம் காத்திருந்து பாருங்கள், அதற்கு முன் இரண்டாவது கரண்டி போடாதீர்கள். இது தெரியாமல் நான் கொட்டிய மாவு, கொடுத்த மாவைவிட அதிகம். ஐந்து நாளுக்கு ஒரு டின் தீர்ந்தது. முதல் மாதக் கணக்கைப் பார்த்தபோது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் கெட்டியாக்கவே போயிருந்தது. இப்படி எழுதவே அபத்தமாக இருக்கிறது.

அப்பாவுக்குச் சர்க்கரை வேறு உண்டு. ஸ்டார்ச் என்பது மாவுச்சத்து. ஒவ்வொரு தம்ளர் தண்ணீரிலும், தேநீரிலும், பாலிலும் கரண்டி கரண்டியாகப் போட்டால் அதுவும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். சர்க்கரை அளவு ஏறியபோது உணவில் என்ன தப்பு செய்தேன் என்று நான்கு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். தண்ணீர்தான் சர்க்கரையை ஏற்றுகிறது என்று யாருக்குத் தோன்றும்?

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அதாவது, தப்பான திசையில். இரவில் தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தபோது கொத்தவரைப் பிசின் கண்ணில் பட்டது. குவார் கம் என்று விற்பார்கள். கொத்தவரை விதையின் தோலையும் முளையையும் நீக்கிவிட்டு நடுவில் இருக்கும் வெள்ளைப் பருப்பை அரைத்தால் கிடைக்கும் மாவு இது. உலகில் விளைவதில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில். ஐஸ்கிரீம் பெட்டியின் பின்புறம் 412 என்ற எண் இருந்தால் அது இதுதான். உறைந்த நீர் பெரிய பெரிய படிகங்களாக வளரவிடாமல் தடுத்து ஐஸ்கிரீமை வழவழப்பாக வைத்திருக்கும். கோதுமை சேராத ரொட்டி மாவு உதிராமல் பிடித்துக்கொள்வதும் இதனால்தான். பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் கிணறுகளில்கூட மணலைச் சுமந்துபோகும் திரவத்தைக் கெட்டியாக்க இதை ஊற்றுகிறார்கள். 2012-ஐ ஒட்டி அந்தத் தேவையால் விலை தாறுமாறாக ஏறிய கதையும் உண்டு. ஒரு செடி சமையலறையிலிருந்து எண்ணெய்க் கிணறு வரைக்கும் போகிறதே என்று வியந்துகொண்டே படித்தேன்.

அதைவிட என்னை இழுத்தது மருத்துவப் பக்கம். 1970-களிலேயே டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் உணவோடு கொத்தவரைப் பிசினைக் கொடுத்தால் சாப்பிட்டபின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். வயிற்றில் கெட்டியான கூழாக நின்று உணவு குடலுக்கு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. நம் எச்சிலிலும் குடலிலும் இருக்கும் நொதிகளால் இதை உடைக்க முடியாது, பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் தின்னும். ஆக மாவுச்சத்துக் கவலை இல்லை, நார்ச்சத்துக்கு நார்ச்சத்து, விலையும் டின்னில் பத்தில் ஒரு பங்கு. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு கிலோ வாங்கினேன். ஒரு கிலோ! ஒரு தம்ளருக்கு அரைத் தேக்கரண்டிகூடத் தேவைப்படாத பொருள்.

நல்ல வேளையாக முதலில் நானே குடித்துப் பார்த்தேன். தண்ணீரில் மாவைத் தூவிய கணத்தில் மேலே திட்டுத்திட்டாக மிதந்தது. கலக்கக் கலக்க முத்து முத்தாகத் திரண்டது. ஒன்றை நசுக்கிப் பார்த்தால் வெளியே வழவழவென்று பசை, உள்ளே உலர்ந்த மாவு. மாவுக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு தாகம். வெளிப்படலம் உடனே பசையாகி உள்ளே நீர் புகாமல் அடைத்துவிடுகிறது. கலக்கும்போது நீர்தான் சுழன்றுகொண்டிருக்க வேண்டும், மாவைச் சிட்டிகை சிட்டிகையாக அந்தச் சுழலின் ஓரத்தில் விட வேண்டும். சமையலில் என்றால் கொஞ்சம் எண்ணெயிலோ சர்க்கரையிலோ முதலில் புரட்டிக்கொள்ளலாம். இதையெல்லாம் பழகி, ஒருவழியாகக் கட்டியில்லாமல் கலக்கி, பதம் சரியாக இருக்கிறது என்று அப்பாவுக்குக் கால் தம்ளர் கொடுத்தேன். இறங்கியது. மீதியை மேசையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால், தம்ளரைச் சாய்த்தும் அசையவில்லை. கொத்தவரைப் பிசின் முழுப் பதத்துக்கு வர ஒரு மணி, இரண்டு மணிகூட எடுக்கும். அவர் வயிற்றுக்குள்ளும் இப்படித்தானே என்று நினைத்தபோது உடம்பு சில்லிட்டது.

பயந்ததற்குக் காரணம் இருந்தது. இதே பிசினை மாத்திரையாக அடைத்து எடை குறைப்புக்கு அமெரிக்காவில் விற்றிருக்கிறார்கள். விழுங்கியவர்களில் பலருக்கு அது உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்டது. 1990-களின் தொடக்கத்தில் அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் அதைத் தடுத்தது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு, உலர்ந்த நிலையிலோ பாதி ஊறியோ, நீரைக் குடித்து ஊதும் எந்தப் பொருளையும் கொடுக்கக் கூடாது. மலச்சிக்கலுக்குச் சாதாரணமாக வாங்கிக் கலக்கிக் குடிக்கும் இசப்கோலுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. இன்னொரு விஷயம், கூழாக நிற்கும் பிசின் உணவை மட்டும் தாமதப்படுத்தாது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், பென்சிலின் வகை ஒன்று, இப்படிச் சில மருந்துகள் உடம்பில் சேர்வதையும் குறைக்கும். அப்பா மெட்ஃபார்மின் எடுப்பவர். சர்க்கரைக்கு நல்லது என்று நான் வாங்கியது, சர்க்கரை மாத்திரையின் கையைக் கட்டிப்போட்டிருக்கும். பையை மேல் அலமாரியில் வைத்துவிட்டு டின் மாவுக்கே திரும்பினேன்.

அதற்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அப்பா குடிப்பதையே நிறுத்திக்கொண்டு வந்தார். கெட்டித் தண்ணீர் வாயை நனைக்கும், தாகத்தைத் தணிக்காது. நானும் ஒரு நாள் முழுக்க அதை மட்டுமே குடித்துப் பார்த்தேன். மாலை நான்கு மணிக்குத் தோற்றுப்போய்க் குழாயைத் திறந்து குடித்தேன். அவருக்கு அந்த வசதி இல்லை. நாளுக்கு நான்கு தம்ளர் மூன்றானது, இரண்டானது. சிறுநீர் அடர் மஞ்சளானது. வயிறு ஐந்து நாள் கல்லாக நின்றது. தொலைபேசியில் கேட்டதற்கு மலமிளக்கிப் பொடி ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். மேக்ரோகால் என்ற வகை. தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள் என்றார்கள். அப்பாவுக்குத் தண்ணீர் என்றாலே கெட்டித் தண்ணீர்தானே. மாவு போட்டுக் கெட்டியாக்கிய தம்ளரில் பொடியைப் போட்டுக் கலக்கினேன்.

கலக்கக் கலக்கத் தண்ணீர் இளகியது. நான் கண்ணால் பார்த்தேன், அதுதான் இன்றுவரைக்கும் உறுத்துகிறது. மாவு குறைவாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று இன்னொரு கரண்டி போட்டேன். கொஞ்சம் கெட்டியானது போலத் தெரிந்தது. கொடுத்தேன். அவர் அன்றைக்கு வழக்கத்தைவிடச் சுலபமாகக் குடித்தார். இருமவில்லை, முகம் சுளிக்கவில்லை. எனக்குச் சந்தோஷம். நான்கு நாள் இப்படியே கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலை குரல் மாறியிருந்தது. தொண்டைக்குள் தண்ணீர் நிற்கிற மாதிரி களகளவென்ற குரல். மாலையில் காய்ச்சல். இரவில் மூச்சு வாங்கியது. நிமோனியா. பன்னிரண்டு நாள் மருத்துவமனை, அதில் நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமமான பணம் போனது, பாதி கடன். எனக்கு வேலையில் மிச்சமிருந்த விடுப்பு எல்லாம் தீர்ந்து சம்பளமில்லா விடுப்பு வேறு.

அங்கேதான் முதன்முறையாக விழுங்கும் சிக்கலைப் பார்க்கும் பேச்சுப் பயிற்சியாளரைச் சந்தித்தேன். என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். மலமிளக்கிப் பொடி என்றதும் எழுதுவதை நிறுத்தினார். "மாவு டின்ல என்ன இருந்துச்சு? ஸ்டார்ச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ நீங்க அவருக்குக் கொடுத்தது வெறும் தண்ணிதான்." மேக்ரோகால் ஸ்டார்ச்சின் கெட்டித்தன்மையை உடைத்து நீராக்கிவிடும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. எனக்கு மாவு கொடுத்தவர்களும் சொல்லவில்லை, பொடி எழுதியவர்களும் சொல்லவில்லை. ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அப்பா இருமாததைப் பற்றியும் கேட்டேன். பக்கவாதத்தில் தொண்டையின் உணர்வே மங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள், மூச்சுக்குழாயில் நீர் போனாலும் அவர்களுக்கு இருமல் வராது என்றார். இருமல் இல்லை என்பதை நான் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டிருந்தேன். குரல் ஈரமாக மாறுவது, சாப்பிட்டபின் மூச்சு வேகமாவது, காரணம் தெரியாத காய்ச்சல், இவற்றைத்தான் கவனித்திருக்க வேண்டும்.

அவர் எனக்குக் கொடுத்த பெரிய பரிசு ஒரு பத்து மில்லி சிரிஞ்ச். ஊசியும் உள்தண்டும் இல்லாத சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து, பத்து மில்லி கோடு வரை திரவத்தை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து விநாடி விட வேண்டும். பிறகு மறுபடி அடைத்து, எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிக்கும் குறைவாக நின்றால் வெறும் தண்ணீர், நிலை பூஜ்ஜியம். ஒன்றிலிருந்து நான்கு வரை நின்றால் முதல் நிலை. நான்கிலிருந்து எட்டு வரை இரண்டாம் நிலை. எட்டுக்கு மேல் நின்று கொஞ்சமாவது ஒழுகினால் மூன்றாம் நிலை. ஒன்றுமே ஒழுகாவிட்டால் நான்காம் நிலை. ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோல் இது. எந்தத் தேன் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எனக்கு, பத்து விநாடியில் பதில் சொல்லும் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது என்றதும் அழுகையே வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: எல்லாப் பத்து மில்லி சிரிஞ்சும் ஒரே உருவம் இல்லை. பூஜ்ஜியக் கோட்டிலிருந்து பத்தாம் கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், ஸ்கேல் வைத்துப் பாருங்கள். உங்கள் சீட்டில் தேன், பாகு என்று எழுதியிருந்தால் எத்தனையாம் நிலை என்று எண்ணாகக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டார்ச்சில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. நம் எச்சிலுக்கே ஸ்டார்ச்சைக் கரைக்கும் சக்தி உண்டு. வாயில் வைத்த கரண்டியை மறுபடி தம்ளரில் விட்டால், தம்ளரில் இருப்பது மெல்ல மெல்ல நீர்த்துப்போகும். அரை மணி நேரம் ஊட்டினால் கடைசி மடக்கு முதல் மடக்கின் பதத்தில் இருக்காது. வேண்டிய அளவை மட்டும் தனிக் கிண்ணத்தில் ஊற்றி ஊட்டுங்கள். சாந்தன் பிசின் என்ற இன்னொரு கெட்டியாக்கும் மாவில் இந்தத் தொல்லை இல்லை, மேக்ரோகாலுக்கும் அது அசைந்துகொடுக்காது, அதனால் அப்பாவை அதற்கு மாற்றினார்கள். அது செடியிலிருந்து வருவதில்லை. முட்டைக்கோஸ் இலையைக் கறுக்கவைக்கும் ஒரு பாக்டீரியாவுக்குச் சர்க்கரை ஊட்டி எடுப்பது. கேட்கவே ஒரு மாதிரி இருந்தாலும் கலக்கிய பதம் மாறாமல் நின்றது. ஆனால் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அந்த வகை ஆபத்து. அவர்களுக்குக் குடல் அழற்சி வந்ததை வைத்து 2011-ல் அமெரிக்காவில் எச்சரித்திருக்கிறார்கள். பெரியவருக்கு வாங்கிய டின் வீட்டுக் குழந்தைக்கு ஆகாது.

டின்னை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். பிரிட்டனில் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்தவர் உலர்ந்த மாவை அப்படியே வாயில் போட்டு மூச்சடைத்து இறந்தபின், 2015-ல் அங்குள்ள சுகாதாரத் துறை எச்சரிக்கை அனுப்பியது. நான் முதல் மாதம் முழுக்க அப்பாவின் கைக்கு எட்டும் மேசையில்தான் வைத்திருந்தேன். ஐஸ்கிரீமையும் கெட்டிப் பொருள் என்று நம்பாதீர்கள். வாயில் உருகியதும் அது தண்ணீர்தான். மாத்திரைகளை நுணுக்கிப் பிசினில் குழைத்துக் கொடுக்கும் முன், எதை நுணுக்கலாம், எதை நுணுக்கக் கூடாது என்று மருந்தாளரிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை நுணுக்கினால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கும். பல் தேய்த்துவிடுவதை நான் அலட்சியப்படுத்தியிருந்தேன். வாயில் கிருமி குறைவாக இருந்தால், தப்பித்தவறி நீர் உள்ளே போனாலும் நிமோனியா வரும் வாய்ப்புக் குறையும் என்று தெரிந்தபின், சாப்பாட்டைவிட அதற்கு அதிக நேரம் செலவிட்டேன்.

கெட்டித் தண்ணீர்தான் காப்பாற்றும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். அமெரிக்காவில் மறதி நோயோ பார்க்கின்சனோ இருந்த ஐந்நூறு பேருக்கு மேல் மூன்று மாதம் கவனித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கெட்டித் திரவம் குடித்தவர்களுக்கும், தாடையைத் தாழ்த்திச் சாதாரணத் திரவம் குடித்தவர்களுக்கும் நிமோனியா வந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. உடம்பில் நீர் வற்றியது கெட்டித் திரவக் கூட்டத்தில்தான் அதிகம். இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், என் கொத்தவரைப் புத்திதான் அது. ஆனால் எத்தனை நாள், எப்போது மறுபடி சோதிப்பீர்கள் என்று தேதி கேளுங்கள். என் சீட்டில் தேதி இல்லை, நானும் கேட்கவில்லை. பயிற்சியாளர் வந்த பிறகுதான் மூன்றாம் நிலையிலிருந்து இரண்டுக்கு, பிறகு ஒன்றுக்கு என்று இறங்கினோம். இடையில் வாயைச் சுத்தம் செய்துவிட்டு, பயிற்சியாளரின் கண்ணெதிரே மட்டும், சில மடக்குப் பச்சைத் தண்ணீர். அப்பா அந்த நேரத்துக்காகக் கடிகாரம் பார்த்துக் காத்திருப்பார்.

ஏழாம் மாதம் மாவு நின்றது. இப்போது தாடையைத் தாழ்த்தி, ஒவ்வொரு மடக்காக, அவராகவே குடிக்கிறார். தேநீர் கொடுத்தால் இன்னமும் தம்ளரைச் சாய்த்து அது ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். மேல் அலமாரியில் இருந்த கொத்தவரைப் பிசினைப் போன மாதம் இறக்கினேன். சூப்புக்கு ஒரு சிட்டிகை, வீட்டில் செய்யும் ஐஸ்கிரீமுக்குக் கால் தேக்கரண்டி என்று போடுகிறேன். நன்றாகத்தான் வருகிறது. அந்த ஒரு கிலோவில் இன்னும் தொள்ளாயிரம் கிராமுக்கு மேல் இருக்கிறது.